நோய்க்கு முந்திய நாட்கள்: இளையோர் உளநோயின் முன்னறிகுறிகளை அளந்த வரலாறு

உடம்பிற் காய்ச்சல் கண்டால் வெப்பமானியை வைத்துப் பார்க்கின்றோம். இரத்தத்திற் சீனி கூடினால் ஒரு துளி இரத்தமே அதனைச் சொல்லிவிடுகின்றது. ஆனால் பதினேழு வயதுப் பிள்ளை ஒருவன் நண்பர்களை விட்டு விலகுகின்றான், இரவில் உறங்காதிருக்கின்றான், படிப்பிற் பின்தங்குகின்றான், தெருவிற் போவோர் தன்னைப் பற்றியே பேசுகின்றனரோ என ஐயுறுகின்றான் என்றால், அதனை எந்தக் கருவி கொண்டு அளப்பது? வளரும் வயதின் இயல்பா, புதிய நாட்டின் சுமையா, அன்றி உளநோய் ஒன்றின் வாசற்படியா?

எமது வீடுகளில் இக்கேள்விக்குப் பல விடைகள் ஆயத்தமாக உள்ளன. கண்ணூறு என்பார் ஒருவர். செய்வினை என்பார் மற்றொருவர். கூடாத கூட்டு என்பார் வேறொருவர். வெளியே தெரிந்தால் தங்கைக்குக் கலியாணம் பேச முடியாது என்று கதவைச் சாத்திவிடுவோரும் உளர். இந்த விடைகளுக்கிடையே மாதங்கள் கழிகின்றன. அம்மாதங்களின் விலை என்ன என்பதை மருத்துவ உலகமே மிக மெதுவாகத்தான் கற்றுக்கொண்டது. அந்த வரலாற்றை இவ்வாரம் நோக்குவோம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் நன்று. பிறர் கேளாத குரலைக் கேட்டல், எவர் விளக்கினும் அசையாத பொய்நம்பிக்கை கொள்ளல், சிந்தனை தொடர்பற்றுச் சிதறல் ஆகியவற்றால் ஒருவர் நடப்புலகிலிருந்து விலகிவிடும் நிலையை மருத்துவர் சைக்கோசிஸ் என்பர். நாம் உளப்பிறழ்வு என்போம். மனச்சிதைவு எனப்படும் ஸ்கிட்சோபிரேனியா இதன் முக்கிய வடிவமாகும். பெரும்பாலும் பதின்ம வயதின் பிற்பகுதியிலும் இருபதுகளிலுமே இது தலைகாட்டுகின்றது.

பெயரிட்டவர்கள்

ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரில் பேராசிரியராக இருந்த எமில் கிரேப்பலின், தம் நோயாளர் ஒவ்வொருவரின் வரலாற்றையும் அட்டைகளிற் குறித்து, ஆண்டுக்கணக்கிற் பின்தொடர்ந்தவர். 1899ஆம் ஆண்டு வெளிவந்த தமது பாடநூலின் ஆறாம் பதிப்பில் உளநோய்களை இரு பெருங் கிளைகளாக அவர் வகுத்தார். அவற்றுள் ஒன்றுக்கு, இளமையிலேயே அறிவு தேயும் நோய் என்று பொருள்படும் இலத்தீன் பெயரை வழங்கினார். நோயின் முடிவைக் கொண்டே நோயை வரையறுத்தமையால், அப்பெயரே ஒரு தீர்ப்பாகிவிட்டது. முடிவு முன்னரே எழுதப்பட்டுவிட்டதென நம்புகின்றவர் தொடக்கத்தைத் தேட வேண்டிய தேவை என்ன?

சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரிலுள்ள பூர்க்ஹோல்ட்சிலி மருத்துவமனையின் தலைவரான ஒய்கன் புளொய்லர் அத்தீர்ப்பை ஏற்கவில்லை. எல்லோரும் இளமையில் நோயுறுவதுமில்லை, எல்லோரும் அறிவு தேய்ந்து முடிவதுமில்லை என்பதைக் கண்டு, 1908இல் ஸ்கிட்சோபிரேனியா என்னும் புதுப் பெயரை முன்வைத்தார். அவரது பெருநூல் 1911இல் வெளிவந்தது. வெளிப்படையாகத் தெரியாது மறைந்திருக்கும் மெல்லிய வடிவங்களும் இந்நோய்க்கு உண்டென அதில் அவர் சுட்டினார். கதவு சற்றே திறந்தது.

1927இல் அமெரிக்க மருத்துவரான ஹரி ஸ்ராக் சலிவன், உளமருத்துவர்கள் நோயின் முற்றிய நிலையையே பார்க்கின்றனர், அதற்கு முந்திய நிலையில் இருப்போரைக் காண்பது அரிது எனக் குறைப்பட்டார். நோய் முழுமையாக உருக்கொள்ளும் முன்னரே தலையிட வேண்டும் என்பது அவர் வாதம். ஆனால் கருத்து இருந்ததேயன்றிக் கருவி இருக்கவில்லை.

போர்க்காலத்து ஆய்வு

இரண்டாம் உலகப் போரின்போது ஜேர்மன் இராணுவ மருத்துவமனை ஒன்றில் பணியாற்றிய கிளவுஸ் கொன்றாட், புதிதாக நோயுற்ற நூற்றுக்கும் மேற்பட்ட படைவீரரை ஆராய்ந்தார். அவர்களுட் பெரும்பாலோர் இளைஞர். நோய் தொடங்கிய விதத்தை அவர்கள் வாய்மொழியாகவே கேட்டறிந்தார். அந்த ஆய்வு 1958இல் நூலாயிற்று.

முதற் கட்டத்துக்கு அவர் இட்ட பெயர் திரேமா. மேடையேறுமுன் நடிகனுக்கு ஏற்படும் படபடப்பைக் குறிக்க நாடகக்காரர் வழங்கிய சொல் அது. ஏதோ நடக்கப்போகின்றது, என்னவென்று தெரியவில்லை என்னும் இறுக்கம் நாட்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். அடுத்த கட்டத்திற் சுற்றியுள்ள ஒவ்வொன்றும் தனக்கெனவே பொருள் தருவதாகத் தோன்றும். வானொலிச் செய்தியும் வழிப்போக்கர் இருமலும் தன்னையே சுட்டும். இவ்வாறு, உளப்பிறழ்வு ஒரே இரவில் வானத்திலிருந்து விழுவதன்று. அதற்குப் படிகள் உண்டு என்பது எழுத்திற் பதிவாயிற்று.

நோயாளரிடமே கேட்டவர்கள்

படிகள் உண்டெனில் முதற்படியில் நிற்பவர் எதனை உணர்கின்றார்? 1961இல் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த அன்ட்ரூ மக்கீ, ஜேம்ஸ் சப்மன் என்னும் இருவர், நோயின் தொடக்கத்தில் இருந்த 26 பேரிடம் இதனைக் கேட்டு வெளியிட்டனர். ஒலிகள் யாவும் ஒரே நேரத்திற் காதில் விழுகின்றன, வேண்டாதவற்றை ஒதுக்க முடியவில்லை, பிறர் பேச்சின் சொற்கள் விளங்கினும் பொருள் கூடி வரவில்லை என்பன போன்ற அனுபவங்கள் வெளிவந்தன. வெளியே நின்று பார்ப்பவருக்கு அது சோம்பலாகவோ திமிராகவோ தெரியும். உள்ளே இருப்பவனுக்கோ அது ஓயாத இரைச்சல்.

ஜேர்மனியில் கேர்ட் ஹூபர் இத்தகைய நுண்ணிய உள்ளனுபவங்களைத் திரட்டி, அடிப்படை அறிகுறிகள் எனப் பெயரிட்டார். அவரும் அவரது குழுவினரும் 1987இல் இவற்றை வினவுவதற்கான ஓர் அளவுகோலை வெளியிட்டனர். அதன் பயனை யோக்கிம் கிளொஸ்ரர்கொட்டரின் ஆய்வு 2001இற் காட்டியது. உளப்பிறழ்வுக்கு இன்னும் உள்ளாகாத, ஆனால் அது வரக்கூடுமென ஐயுறப்பட்ட 160 பேரை அவ்வாய்வு சராசரி 9.6 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. அவருள் 79 பேருக்கு மனச்சிதைவு ஏற்பட்டது. தொடக்கத்தில் அடிப்படை அறிகுறிகள் எவையும் காணப்படாதோரில் ஏறத்தாழ 96 வீதத்தினர் அந்நோய்க்கு உள்ளாகவில்லை. அறிகுறி கொண்டோரில் ஏறத்தாழ 70 வீதத்தினர் நோயுற்றனர்.

இதே காலத்தில் மன்ஹைம் நகரில் ஹைன்ஸ் ஹெவ்னர் பின்னோக்கிக் கணக்கெடுத்தார். முதன்முறை நோயுற்ற 232 பேரின் வரலாற்றை நோயாளரிடமும் குடும்பத்தாரிடமும் கேட்டு, முதல் மாற்றம் தெரிந்த நாளைத் தேடினார். ஏறக்குறைய 73 வீதத்தினருக்கு நோய், முன்னறிகுறிக் காலத்துடனேயே தொடங்கியிருந்தது. அக்காலம் சராசரியாக 5 ஆண்டுகள் நீண்டிருந்தது. படிப்பு, தொழில், காதல், நட்பு என்று வாழ்வு உருவாகும் அதே ஐந்து ஆண்டுகள்! முதல் உளப்பிறழ்வு வந்து நோயாளன் மருத்துவமனை வாசலைக் காணும்போது, சமூக வாழ்வின் பெரும்பகுதி முன்னரே இழக்கப்பட்டிருந்தது என்பது இதனாற் புலனாயிற்று.

பட்டியல் தோற்ற கதை

அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 1980இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூல், முன்னறிகுறிகளைப் பட்டியலிட்டது. ஒதுங்கியிருத்தல், கடமைகளிற் தளர்ச்சி, விநோதமான நடத்தை, தன்னைப் பேணாமை என்று அப்பட்டியல் நீண்டது. ஆனால் ஒரே நோயாளனை இரு மருத்துவர் பார்த்தபோது, அறிகுறி உண்டா இல்லையா என்பதில் அவர்களிடையே போதிய உடன்பாடு காணப்படவில்லை. ஒதுங்கியிருத்தல் நோயால் மட்டுமா வருகின்றது? துயரத்தாலும் வரும், காதல் தோல்வியாலும் வரும், கூச்சத்தாலும் வரும். 1994ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து அப்பட்டியல் நீக்கப்பட்டது. அளக்கத் தெரியாதவற்றை எண்ணுவதால் மட்டும் அளவு பிறந்துவிடாது என்பது இதன் பாடம்.

மெல்பேணில் பிறந்த அளவுகோல்

திருப்பம் அவுஸ்திரேலியாவில் ஏற்பட்டது. மெல்பேணில் பற்றிக் மக்கொறியும் அவரது சகாக்களும் 1992இல் முதன்முறை உளப்பிறழ்வுக்கு உள்ளான இளையோருக்கெனத் தனிச் சேவையை ஆரம்பித்தனர். 1994இல் நோயின் விளிம்பில் நிற்போருக்கென ஒரு சிகிச்சை நிலையம் திறக்கப்பட்டது. முதுநிலைக்குச் சென்றுவிட்ட நோயாளர் நடுவே ஓர் இளம்பிள்ளையை இருத்தி அச்சுறுத்தலாகாது என்பது அவர்களது நோக்கம்.

அலிசன் யங் என்னும் மருத்துவர் அங்கு மூன்று வாசல்களை வரையறுத்தார். முதலாவது, உளப்பிறழ்வின் அறிகுறிகள் மெல்லிய அளவில் இருத்தல். இரண்டாவது, முழு அறிகுறியே தோன்றி, ஒரு வாரத்துக்குள் மருந்தின்றித் தானாக மறைதல். மூன்றாவது, பெற்றோர் அல்லது உடன்பிறந்தோருக்கு இந்நோய் இருப்பது போன்ற முன்னேது ஒன்றுடன், அண்மைக்காலத்தில் இளையவரின் அன்றாடச் செயற்பாடு பெரிதும் வீழ்ந்திருத்தல். இவ்வாசல்களைக் காண ஒரு நேர்காணல் அளவுகோல் ஆக்கப்பட்டது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் தோமஸ் மக்கிளாஷன் குழுவினர் 1990களின் பிற்பகுதியில் இதையொத்த வேறோர் அளவுகோலை அமைத்தனர். அதில் 19 கூறுகள் உள. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை புள்ளி உண்டு.

அது இயங்கும் விதத்தை ஓர் எடுத்துக்காட்டாற் காண்போம். பிறர் தனக்குத் தீங்கு நினைக்கின்றனரோ என்ற ஐயம் ஒருவனுக்கு எழுகின்றது. ஐயமே இல்லையேல் 0. கூட்டத்தில் நிற்கையிற் சிறு சங்கடம் தோன்றி மறையுமாயின் கீழ்ப்படிகள். ஐயம் திரும்பத் திரும்ப எழுந்து மனத்தை வருத்த, ஆயினும் 'இப்படியும் இருக்குமோ, இது என் எண்ணந்தானோ' என்று அவனே தன்னை வினவிக்கொள்ளக் கூடுமாயின் அது 3 முதல் 5 வரையிலான நடுப்படிகள். 'ஆம், நிச்சயம் அப்படித்தான்' என்று அசையாது நிற்பானாயின் 6, அது உளப்பிறழ்வு. அறிகுறி எது என்பதை மட்டுமன்றி, எப்போது தொடங்கிற்று, எத்தனை தடவை வருகின்றது, வாழ்வை எவ்வளவு குலைக்கின்றது என்பனவும் கேட்கப்படும். தன்னையே ஐயுறும் அந்தச் சிறு ஆற்றல்தான் இரு நிலைகளையும் பிரிக்கும் கோடு. அது இருக்கும்போதே பிள்ளையுடன் பேச முடியும்.

அளவின் எல்லை

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். இந்த அளவுகோல் விதியைச் சொல்லும் சோதிடமன்று. 2012இல் பவுலோ பூசார்-பொலி குழுவினர் 27 ஆய்வுகளையும் ஏறத்தாழ 2,500 இளையோரையும் தொகுத்து நோக்கினர். இவ்வாசல்களில் நின்றோருள் ஓராண்டில் 22 வீதத்தினரும், ஈராண்டில் 29 வீதத்தினரும் உளப்பிறழ்வுக்கு உள்ளாகியிருந்தனர். அதற்குப் பின்வந்த தொகுப்பாய்வுகள் மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் என்கின்றன. அதாவது பெரும்பாலோர் அந்நோய்க்கு உள்ளாவதில்லை. எனினும் அவருட் பலருக்கு மனச்சோர்வும் பதற்றமும் இருந்தமையால், உதவி வேண்டாதவர் என அவர்களைத் திருப்பியனுப்பவும் இயலாது.

வராத நோயின் பெயரை ஒரு பிள்ளையின் நெற்றியில் எழுதிவிடலாமா என்ற கேள்வி பெரும் விவாதமாயிற்று. 2013இல் அமெரிக்க வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பு வந்தபோது, இந்நிலை முறையான நோயாக ஏற்கப்படாது, மேலும் ஆராயவேண்டியவற்றின் பட்டியலிலேயே வைக்கப்பட்டது. சிகிச்சையிலும் நிதானம் தேவைப்பட்டது. வியன்னாவில் 81 இளையோரிடம் நடந்த, 2010இல் வெளியான ஆய்வு, மீனெண்ணெய் நோயைத் தடுக்கின்றது எனக் காட்டியபோது உலகம் மகிழ்ந்தது. பல நகரங்களில் நடந்த பெரிய ஆய்வு 2017இல் வெளியானபோது அப்பயன் காணப்படவில்லை. எனவே இந்நிலையில் முதலிடம் பெறுவது ஆலோசனையும் கண்காணிப்பும் குடும்ப ஆதரவுமேயன்றி, அவசரப்பட்டுக் கொடுக்கும் வலிய மருந்து அன்று.

மற்றோர் எல்லையும் உண்டு. 2017இல் தென் லண்டனிற் கணக்கெடுத்தபோது, முதன்முறை உளப்பிறழ்வுக்கு உள்ளானோரில் ஏறத்தாழ 4 வீதத்தினரே முன்னதாக இத்தகைய நிலையத்துக்கு வந்திருந்தமை தெரிந்தது. எத்துணை நுண்ணிய கோலாயினும், அளக்கப்பட வேண்டியவர் வராவிடின் அதனால் என்ன பயன்?

நோர்வே கற்பித்த பாடம்

இதற்கு விடை கண்டவற்றுள் எமது சமூகம் வாழும் நோர்வே நாட்டின் றோகலான்ட் மாவட்டம் குறிப்பிடத்தக்கது. ஸ்தவாங்கர் நகரைச் சூழ்ந்த அம்மாவட்டத்தில் 1997 முதல் 2000 வரை ஒரு பெருமுயற்சி நடந்தது. பத்திரிகை, வானொலி, திரையரங்கு வாயிலாக உளப்பிறழ்வின் அறிகுறிகள் பொதுமக்களுக்கு விளக்கப்பட்டன. ஆசிரியர்களுக்கும் குடும்ப வைத்தியர்களுக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. எவரும் தொலைபேசியில் அழைக்கலாம். உடனே வந்து பார்க்கும் குழு ஒன்று ஆயத்தமாக இருந்தது. பிள்ளையின் மாற்றத்தைப் பெற்றோருக்கு அடுத்தபடியாகக் காண்பவர் ஆசிரியரே என்பதை அத்தொழிலில் இருந்த நாம் நன்கறிவோம். அவரிடம் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தது அறிவான செயல்.

ஈண்டு அளக்கப்பட்டது வேறொன்று: வெளிப்படையான நோய் தொடங்கிய நாளுக்கும் சிகிச்சை கிடைத்த நாளுக்கும் இடைப்பட்ட காலம். றோகலான்டில் நோயாளரிற் பாதிப்பேர் 5 வாரங்களுக்குள் சிகிச்சை பெற்றனர். பிரசாரம் நடைபெறாத ஒஸ்லோவின் ஒரு பகுதியிலும் டென்மார்க்கின் றொஸ்கில்டவிலும் அதே இடையப் பெறுமானம் 16 வாரங்கள். பிரசாரம் நிறுத்தப்பட்டதும் றோகலான்டிலும் அது மீண்டும் 15 வாரங்களாக நீண்டது. பத்தாண்டுகளின் பின் பார்த்தபோது, விரைந்து கண்டறியப்பட்ட பகுதியில் 30.7 வீதத்தினர் நலமடைந்திருந்தனர். மற்றப் பகுதியில் 15.1 வீதத்தினர் மட்டுமே. மருந்து இரு இடத்திலும் ஒன்றே. வேறுபட்டவை மக்களின் அறிவும், உதவியை நாடிய வேகமுமே.

அகதியின் ஐயம்

இவ்வரலாறு எமக்கு ஏன் வேண்டும்? 1932இல் ஊர்னுல்வ் ஒடகோர்ட் என்னும் நோர்வேஜிய மருத்துவர், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திற் குடியேறிய தம் நாட்டவரை ஆராய்ந்து, தாயகத்தில் இருப்போரைவிட அவர்களிடையே உளநோய் மிகுதியெனக் கண்டார். புலம்பெயர்ந்தோர் அன்று நோர்வேஜியர்! 2016இல் வெளியான சுவீடன் ஆய்வு 13 இலட்சம் பேரின் பதிவுகளை நோக்கியது. ஆண்டொன்றுக்கு இலட்சம் பேரில், சுவீடனிற் பிறந்தோருள் ஏறத்தாழ 38 பேரும், ஏனைய குடியேறியோருள் 80 பேரும், அகதிகளுள் 126 பேரும் மனச்சிதைவுக்கும் அதையொத்த நோய்களுக்கும் உள்ளாகியிருந்தனர். எண்ணிக்கை சிறிது, அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. ஆயினும் வேறுபாடு பெரிது. கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது.

அதேவேளை, அகதியை அளக்கும்போது கோலும் தடுமாறக்கூடும். சுற்றிவளைப்புக்களையும் காணாமற்போனோரையும் கண்டு வளர்ந்த ஒருவர், சீருடையைக் கண்டு ஒதுங்கினால் அது நோயின் ஐயமன்று, அனுபவத்தின் எச்சரிக்கை. இறந்த தாயின் குரலை உறக்கம் வரும் வேளையிற் கேட்டதாகச் சொல்பவர் யாவரும் நோயாளர் அல்லர். வந்த வழியையும் இழந்த இழப்பையும் கேட்டறியாத மருத்துவர் புள்ளி இடுவதிற் தவறக்கூடும். ஆகவே அவற்றைச் சொல்ல எமக்கு உரிமையும் கடமையும் உண்டு. மொழி தெரியாத பெற்றோருக்காகத் தம்பியோ தங்கையோ மொழிபெயர்க்கும் வழக்கம் கைவிடப்பட வேண்டும். நோர்வேயில் 2022 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள மொழிபெயர்ப்பாளர் சட்டம், பொதுச் சேவைகளிற் சிறுவரை அப்பணிக்குப் பயன்படுத்துவதைப் பொதுவாகத் தடைசெய்கின்றது. தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளரைத் தயங்காது கேட்கலாம்.

எமக்குத் தெம்பூட்டும் செய்தியும் உண்டு. சாரதா மேனன் அம்மையார் 1984இற் சென்னையில் நிறுவிய மனச்சிதைவு ஆய்வு நிலையமும், கனடாவின் மொன்றியல் நகரச் சேவை ஒன்றும் இணைந்து, முதன்முறை நோயுற்றோரை ஒரே விதமான சிகிச்சையுடன் ஈராண்டுகள் ஒப்பிட்டன. உணர்ச்சியின்மை, ஊக்கமின்மை போன்ற அறிகுறிகளிற் சென்னை நோயாளர் கூடிய முன்னேற்றம் கண்டனர். அங்கு குடும்பத்தார் சிகிச்சையோடு மிகுதியாக இணைந்திருந்தனர். கூடி நிற்கும் குடும்பம் என்பது எமது கையில் உள்ள மருந்து. அதே குடும்பம் மானத்துக்கு அஞ்சிக் கதவைச் சாத்தினால் அம்மருந்தே பூட்டுக்குள் போய்விடும்.

பிள்ளையின் உறக்கம் தலைகீழானால், நண்பர்களை அறவே விலக்கினால், புள்ளிகள் காரணமின்றிச் சரிந்தால், ஒலிகளும் பார்வைகளும் புதிதாக உறுத்துவதாகச் சொன்னால், தன்னைப் பற்றிப் பிறர் பேசுகின்றனர் என ஐயுற்றால், அவை வாரக்கணக்கில் நீடித்தால், அதட்டாமலும் கேலி செய்யாமலும் அமைதியாகக் கேளுங்கள். குடும்ப வைத்தியரிடமோ பாடசாலைத் தாதியிடமோ அழைத்துச் செல்லுங்கள். கோயிலுக்கு நேர்த்தி வைப்போர் வைக்கட்டும். ஆனால் அதற்காக வைத்தியரிடம் செல்வதைப் பிற்போட வேண்டாம். பிள்ளை தன் உயிரை மாய்ப்பதைப் பற்றிப் பேசினால் ஒரு நாளும் தாமதிக்காது அவசர சிகிச்சையை நாடுங்கள்.

கிரேப்பலின் காலத்திற் கேள்வி, நோய் எங்கே போய் முடியும் என்பதாக இருந்தது. இன்று அது, எங்கே தொடங்குகின்றது என்பதாக மாறியுள்ளது. அத்தொடக்கம் வைத்தியசாலையிலன்று, எமது வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே முதலில் தெரிகின்றது. அதனைக் கண்டு சொல்லும் பொறுப்பும் முதலில் எம்முடையதே.